சூறாவளி நாட்டில் அரும்பனைகள்

சூறாவளி என்னும் சொல்லின் பொருளை இந்நாட்டுத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய காற்றை நேரிற் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். பாட்டன் நட்டுப் பேரன் பயன்கொண்ட தென்னந்தோட்டங்கள் ஒரே இரவில் நிலத்திற் சாய்ந்த கதையை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். எனினும், அத்தகைய காற்று நமக்கு எப்போதோ ஒருமுறை வருவது. ஆண்டுதோறும் யூன் முதலாந் திகதி தொடங்கி நவம்பர் முடியும்வரை அதனை எதிர்பார்த்தே வாழும் மக்களும் உலகில் உளர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கோடியில், கடலுக்குள் நீட்டிய விரல்போலக் கிடக்கும் புளோரிடாவின் மக்கள் அத்தகையோர். அவர்களுள்ளும் ஒருசாரார் செய்யும் காரியம் வியப்புக்குரியது. உலகில் எங்கும் கிடைத்தற்கரிய பனைகளின் விதைகளைத் தேடிப் பெற்று, காற்றின் வாயிலிலே, தம் வீட்டு வளவிலே நட்டு வளர்க்கின்றனர்.

பனை என்னும் சொல்லை இங்கே சற்று விரிந்த பொருளில் ஆளுகின்றேன். யாழ்ப்பாணத்தவருக்குப் பனை ஒன்றே பனை. தென்னை தென்னைதான், கமுகு கமுகுதான். தாவரவியலார்க்கோ இவை மூன்றும், ஈந்தும், கித்துளும், தாளிப்பனையும், ஏறத்தாழ 2,600 இனங்களைக் கொண்ட ஒரே குடும்பத்தின் உறுப்பினராம். இன்னொன்றையுஞ் சொன்னால் வாசகர் நகைக்கவுங்கூடும்: நம் வேலியோரத்தில் யாரும் நடாமலே முளைக்கும் பனை, புளோரிடாவிற் சேகரிப்போர் மட்டுமே வளர்க்கும் அரும்பொருள். வடலிக்கு அங்கே பெயர்ப்பலகை உண்டு.

இக்கூட்டத்தாரின் வரலாறு நெடியதன்று. மியாமி நகருக்குத் தெற்கே, இராபர்ட் மொன்கொமரி என்னும் புகழ்பெற்ற கணக்காய்வாளர் 1930களிலே தம் வீட்டு நிலத்திற் பனைகளைச் சேர்க்கத் தொடங்கினார். ஆவல் வீட்டெல்லையைக் கடந்தது. அருகிலே பெரியதொரு பூங்காவை நிறுவி, தாவரங்களைத் தேடி உலகெங்குஞ் சுற்றிய தம் நண்பர் டேவிட் பெயர்ச்சைல்டின் பெயரை அதற்கு இட்டார். அது 1938இல் மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. மொன்கொமரி மறைந்தபின் அவருடைய துணைவியார் 1959இல் வீட்டு நிலத்தையே பனை ஆராய்ச்சிக்குரிய அறநிலையமாக்கினார். புளோரிடாவின் இன்னொரு பகுதியான டெயிற்றோனாக் கடற்கரையில் டென்ற் சிமித் என்னும் தோட்ட ஆர்வலர் 1956இற் பனைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். இன்று அது உலகநாடுகள் பலவற்றிலும் உறுப்பினரைக் கொண்ட அனைத்துலகச் சங்கம். பேராசிரியரும் கடைக்காரரும் ஓய்வுபெற்றோரும் அதிற் சமமாக அமர்ந்து விதைகளைப்பற்றி உரையாடுவர். கல்விப் பட்டத்தைக் காட்டிலும் கைமண்ணுக்கு மதிப்பளிக்கும் சங்கங்கள் உலகிற் பல இல்லை.

இவர்கள் அனைவரும் நாள் குறித்துப் பேசும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1992ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆந் திகதி விடியற்காலையில் அன்ட்ரூ என்னும் சூறாவளி மியாமிக்குத் தெற்கே கரையேறியது. மணிக்கு 165 மைல் வேகக் காற்று. பத்தாண்டு கழித்து ஆய்வாளர் கணக்குகளை மீளப் பார்த்து அதனை ஐந்தாந் தரமாகிய உச்சத் தரத்தில் வைத்தனர். சில மணிநேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பெயர்ச்சைல்ட் பூங்காவும் மொன்கொமரி நிலமும் அப்பகுதியின் எண்ணற்ற வீட்டுத் தோட்டங்களும், விடிந்தபின் தம் உடையவர்களுக்கே அடையாளந் தெரியாமற் கிடந்தன. ஆயினும் அச்சிதைவுக்கிடையே நிமிர்ந்து நின்ற பனைகளும் இருந்தன. எது நின்றது, எது வீழ்ந்தது, ஏன் என்னும் வினா அன்றுமுதல் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. 2004, 2005ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த சூறாவளிகளின்பின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் தெருத்தெருவாக மரங்களை எண்ணினர். தோட்டக்காரரின் அனுபவமும் அவ்வாராய்ச்சியும் சேர்ந்து கற்பித்தவற்றையே இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

முதலிற் பனையின் உடலமைப்பைச் சற்று நோக்குவோம். மாணவர்கள் இதனைத் தம் பாடநூலோடு ஒப்பிட்டுக்கொள்க. மாமரத்தின் தண்டிலே மாறிழையம் என்னும் வளரும் படை உண்டு. அதனால் மரம் ஆண்டுதோறும் பருக்கும், காயம்பட்டால் மூடிக்கொள்ளும், கிளை முறிந்தால் வேறு கிளை விடும். ஒருவித்திலையாகிய பனைக்கு மாறிழையம் இல்லை. அதன் தண்டு முழுவதும் கலன்கட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. விளிம்பில் நெருக்கமாய் வைரமேறியும் நடுவில் ஐதாய் மென்மையாயும் அவை அமைந்திருத்தலால், தண்டு எஃகுக் கயிறுபோல வளைந்து நிமிர்கின்றது. காற்றைப் பிடிக்கக் கிளைகள் இல்லை. தென்னை போன்றவற்றின் ஓலையோ, காற்று வீசும் பக்கம் ஈர்க்கெல்லாம் ஒருங்கே திரும்பி ஒரு குஞ்சம்போலக் குறுகிவிடுகின்றது. அரசப்பனை எனப்படும் உயர்ந்த பனை இன்னுஞ் சாமர்த்தியமுடையது. காற்று மிஞ்சினால் ஓலைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி எறிந்துவிட்டுக் குருத்து மட்டும் தாங்கிய வெறுங்கம்பமாய் நிற்கும். சிலமாதங் கழித்து மீண்டும் முடிசூடும். ஆனால் அது கழற்றியெறியும் மட்டை பாரமானது. எனவே அதனை வீட்டுக் கூரைக்கு அருகில் நடலாகாது.

இவ்வளவு வலிமைக்கும் விலையாகப் பனை ஒரு பெருங்குறையை ஏற்றுக்கொண்டிருக்கின்றது. பெரும்பாலான பனைகளுக்கு உயிர் ஓரிடத்தில்தான், வட்டின் நடுவேயுள்ள உச்சியரும்பில். அது முறுகினால் மரம் முடிந்தது. இன்னொரு குறையும் உண்டு. அரும்பனை வளர்ப்போர் அனைவரும் முதலில் அறியவேண்டியது அதுவே. பனை ஒருமுறை கட்டிய தண்டைப் பின்னொருபோதும் பருக்கவைக்காது. இளங்கன்று நிலமட்டத்திலேயே தன் அடியைத் தேவையான அளவுக்கு அகலமாக்கிக்கொண்டு, அதன்பின்னரே உயரத் தொடங்கும். அங்ஙனம் உயரும் காலத்தில், ஓராண்டு பசளையின்றியோ நீரின்றியோ வருந்தினால், அவ்வாண்டில் உண்டான தண்டு ஒடுங்கிவிடும். அடுத்த ஆண்டு நல்ல உணவு கிடைத்தால் மேற்பகுதி மீண்டும் பருக்கும். ஒடுங்கிய பகுதியோ என்றென்றைக்கும் ஒடுங்கியபடியே, இடைபோல நடுவில் நிற்கும். பத்தாண்டு, இருபதாண்டு கழித்துச் சூறாவளி வரும்போது தண்டு முறிவது பெரும்பாலும் அவ்விடத்திலேதான். மரம் பட்ட பசியை உடையவர் மறந்திருப்பார்; காற்று மறப்பதில்லை.

இதனால் விளங்குவது யாதெனில், சூறாவளி அறிவிப்பு வந்தபின் தோட்டத்தில் ஓடியாடிச் செய்யத்தக்க வேலை மிகச் சிறிது என்பதே. தேங்காய்க் குலைகளை இறக்கலாம். தொட்டிகளை உள்ளே கொண்டுபோகலாம். மற்றவையெல்லாம் அதற்கு முந்திய ஆண்டுகளில் நடந்து முடிந்தவை.

மண்ணைப்பற்றிச் சொல்வதானால், மியாமிப் பகுதியின் நிலம் சுண்ணாம்புக்கல். சில அங்குல மண்ணுக்குக் கீழே பாறை. யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விளக்க வேண்டாம். அலவாங்கு எடுத்தவர்க்கெல்லாந் தெரியும். அத்தகைய நிலத்தில் மங்கனீசும் இரும்பும் வேருக்கு எட்டாமற் போகின்றன. மங்கனீசு குறைந்தாற் புதுக்குருத்து கருகிச் சுருண்டு வெளிவரும். புளோரிடாவின் மணற்பாங்கான இடங்களிற் பொற்றாசியம் மழையோடு கழுவுண்டு போகின்றது. ஆகவே புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் பனைக்கென்றே ஒரு கலவையை வகுத்துள்ளனர்: நைதரசன் 8, பொசுபரசு 2, பொற்றாசியம் 12, மகனீசியம் 4 என்னும் விகிதம், அதுவும் மெல்ல மெல்லக் கரைவதாய் இருத்தல்வேண்டும். புற்றரைக்கு இடும் நைதரசன் மிகுந்த பசளையை அருகிலுள்ள பனையும் உண்டால், பச்சை செழிப்பதுபோலத் தோன்றும், பொற்றாசியப் பஞ்சமோ இன்னும் முற்றும்.

இனி, அங்குள்ளாரைப் பல்லாண்டு ஏமாற்றிய ஒரு வழக்கத்தைச் சொல்கின்றேன். சூறாவளிக் காலம் நெருங்கியதும் கூலிக்கு ஆள் பிடித்து, பனையின் ஓலைகளை யெல்லாம் வெட்டிக் குருத்தைச் சுற்றி நாலைந்தை மட்டும் விட்டுவைப்பது அவ்வழக்கம். காற்றுக்குப் பிடி குறைந்தால் மரம் தப்பும் என்பது இதன் நியாயம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கின்றது. 2004, 2005 சூறாவளிகளின்பின் பார்த்தபோதோ, அவ்வாறு மொட்டையடிக்கப்பட்டவற்றின் வட்டே எளிதில் முறிந்ததாகத் தெரிந்தது. காரணம் அரியதன்று. மென்மையான உச்சியரும்பைச் சுற்றிலும் மட்டைகளின் அடிப்பாகம் அடுக்கடுக்காய்க் கட்டிப்பிடித்து நிற்கின்றது. அக்கவசத்தைக் கழற்றிவிட்டு அரும்பைப் போருக்கு அனுப்புவது எவ்வாறு பொருந்தும்? மேலும், காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்த கதையை நாம் வேறொரு கருத்துக்காகச் சொல்லி வருகின்றோம். பனையின் உடலில் நடப்பதோ வேறு. பொற்றாசியம் போதாதவிடத்து, பழுத்துவரும் கீழோலை தன்னிடம் எஞ்சியதைப் புதிய ஓலைகளுக்கு அனுப்பிவிட்டே காய்கின்றது. மஞ்சள் கண்டவுடன் அதனை வெட்டினாற் பஞ்சம் அடுத்த ஓலைக்கு ஏறும். முற்றாகக் காய்ந்ததை மட்டும் களைவதே முறை. ஒப்பனைக்காக வெட்டத்தான் வேண்டுமென்போர், கிடைமட்டத்திற்குக் கீழே தொங்குவதற்கு மேல் கத்தியை உயர்த்தலாகாது என்பர்.

எவ்வினத்தை நடுவது என்னும் வினாவே இக்கூட்டத்தாருக்கு இனிமையானது. விரைவில் வளர்ந்து அழகுகாட்டும் அரசிப்பனையும் உயர்ந்தோங்கும் வாஷிங்டன் பனையும் காற்றுக்கு எளிதில் வீழ்வனவாகக் கணக்கெடுப்புகள் காட்டின. புளோரிடாவின் மாநில மரமாகிய சாபல் பனை நன்கு நின்றது. அதன் கன்று முதலிற் கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணுக்குள் வளைந்து, பின்னரே மேலேறுவது. ஆகையால் அடி ஆழத்தில் ஊன்றியிருக்கும். இதனை நாம் வியக்கவேண்டியதில்லை. நம் பனையும் கொட்டையிலிருந்து முளையை முதலில் நிலத்துள் ஆழமாக இறக்கி, அங்கிருந்தே மேலெழுகின்றது. நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அந்த இறக்கத்திற் பிறந்ததுதான்.

அரும்பனைகளுள் மிகவும் நம்பத்தக்கவை காற்றிலே பிறந்து காற்றிலே வளர்ந்த தீவுகளுக்குரியவை. கியூபாவின் கொக்கோத்திரினக்சு இனங்கள் பலவும் கொப்பர்னீசியா இனங்களும் வயதை மெதுவாக எண்ணுவன. அவற்றுள், தண்டெங்கும் நரைத்த தாடிபோல நார் தொங்கும் கிழவன் பனையும், காய்ந்த ஓலைகளை உதறாமல் இடுப்பைச் சுற்றி உடுத்துநிற்கும் பாவாடைப் பனையும் எக்குழந்தையையும் நிறுத்திப் பார்க்கவைக்கும். புளோரிடாவின் தென்முனைத் தீவுகளிலே கடற்கொள்ளையர் பனை என்று ஒன்றுண்டு. 1886இல் எலியற் தீவில் அறியப்பட்ட அது, ஒரு காலத்தில் அங்கெல்லாம் ஐம்பதுக்குங் குறைவாகத் தேய்ந்து, பூங்காவில் வளர்த்த கன்றுகளைக் கொண்டுபோய் மீள நட்டதாற் பிழைத்தது. ஆள் உயரம் வருவதற்கே பல்லாண்டு பொறுக்கவேண்டும். ஆனால் சூறாவளிக்கு அது பொதுவாக அசைந்துகொடுப்பதில்லை.

இந்துமாக்கடலில் நமக்குத் தெற்கே வெகுதூரத்திலுள்ள மொரீசியசும் அதன் துணைத்தீவுகளும் சூறாவளிக்குப் பெயர்போனவை. அங்கிருந்து வந்தவற்றுள் மெல்லிய நெடிய தண்டுடைய ஒன்றுக்குச் சூறாவளிப் பனை என்றே ஆங்கிலத்திற் பெயர். காற்றைத் தாங்கும் திறத்தாற் பெற்ற பெயர் அது. அடிபருத்துக் கழுத்தொடுங்கிய போத்தற்பனையையும், நடுவிற் பருத்துத் தக்களிபோல் தோன்றும் தக்களிப்பனையையும் வாசகர் கொழும்பிலே மாளிகை முகப்புகளிற் கண்டிருக்கக்கூடும். முன்னர் கூறிய பசியின் ஒடுக்கத்திற்கும் இவற்றின் பருமனுக்கும் தொடர்பில்லை; இது இயற்கை வடிவம். இத்துணை எளிதிற் காணக்கிடைப்பவற்றை அரும்பனை என்பது ஏன் என்று கேட்கலாம். போத்தற்பனையின் சொந்தவிடம் மொரீசியசுக்கு வடக்கேயுள்ள றவுண்ட் தீவு என்னும் சிறு பாறை. மனிதர் கொண்டுபோய் விட்ட ஆடுகளும் முயல்களும் அங்கு முளைத்த கன்றையெல்லாம் மேய்ந்தன. ஆடுகள் 1979இலும் முயல்கள் 1986இலும் அகற்றப்பட்டபோது, அத்தீவில் முதிர்ந்த போத்தற்பனைகள் பத்துக்குங் குறைவாகவே எஞ்சியிருந்தன. உலகெங்கும் முற்றங்களில் ஆயிரக்கணக்காய் நிற்கும் ஒரு மரம் தன் பிறந்தகத்தில் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்திருந்தது. வீட்டுத் தோட்டம் என்பது வெறும் அலங்காரந்தானா என்று ஐயுறுவோர் இதனைச் சிந்திப்பாராக.

காற்றைத் தாங்கும் இனத்தைத் தேர்ந்தாற் போதுமா? போதாது. அரும்பனைகளிற் பல காட்டின் அடிநிழலில் வாழ்பவை. விசிறிபோல் மடிப்பு மடிப்பான இலையுடைய லிக்குவாலா முதலியவற்றுக்கு உச்சிவெயில் ஆகாது. ஆதலால் ஓக்கு முதலிய பெருமரங்களை மேலே வளர்த்து, அவற்றின் நிழலிற் பனைகளை நடுவர். அந்நிழல் குளிருக்கும் நல்ல போர்வை. ஏனெனில், புளோரிடாவிற் கோடையிற் காற்றும் மாரியிற் சில ஆண்டுகளில் உறைகுளிரும் வரும். 1977 யனவரியில் மியாமியிலே பனித்தூறல் விழுந்தது. சிக்கல் இங்குதான். குளிரிலிருந்து காத்த மரமே சூறாவளியன்று பனையின்மேல் விழுகின்றது. விழாவிட்டாலும் இலையெல்லாம் உதிர்த்து, அடியில் நின்றவற்றை ஓகஸ்ட் வெயிலில் விட்டுவிடுகின்றது. அன்ட்ரூவின் காற்றுக்குத் தப்பிய நிழற்பனைகளுக்கு அடுத்த வாரத்து வெயில் இரண்டாஞ் சூறாவளியாயிற்று. ஆகையால் நிழல்வலையைச் சுருட்டிக் களஞ்சியத்தில் ஆயத்தமாக வைத்திருப்பது அங்கே அனுபவசாலியின் அடையாளம். தனியே நின்ற மரத்தைக் காட்டிலும் கூட்டமாக நின்றவை அதிகம் தப்பின என்பதும் ஆய்விற் கண்ட உண்மை. பனைகளைப் பரப்பி நடாமல் தோப்பாக நடுவது இதனாலேயே.

காற்று ஓய்ந்தபின் செய்யவேண்டியவை சற்று விரிவாகக் கூறத்தக்கன. ஏனெனில் அவ்வேளையில் அவசரத்தாற் கொல்லப்படும் மரங்களுக்குக் கணக்கில்லை. வீழ்ந்த மாமரத்தை நிமிர்த்திப் பிழைக்கவைப்பது அரிது. வீழ்ந்த பனையையோ பலவேளைகளில் நிமிர்த்தலாம். பனையின் வேர்கள் தண்டின் அடியிலிருந்து ஒரே பருமனில் நூற்றுக்கணக்காய்ப் புறப்படுவன. பழையன அறுந்தாலும் அடியிலிருந்து புதியன தோன்றும். இதிலும் இனத்துக்கினம் வேறுபாடுண்டு. தென்னையின் அறுந்த வேர்களில் ஏறத்தாழப் பாதி மீண்டும் கிளைத்து வளரும். சாபல் பனையின் அறுந்த வேர் அனைத்தும் மடிந்து, எல்லாம் புதிதாகவே வரவேண்டும். ஆகவே முதல் நாளிலேயே வேர்களை ஈரச்சாக்கால் மூடி, இயன்ற விரைவில் மரத்தை நிமிர்த்தி, முன்பிருந்த ஆழத்திற்கே மண்ணிட்டு, முட்டுக்கொடுத்தல் வேண்டும். முட்டுக்கம்பை மரத்தில் ஆணியறைந்து பொருத்துவோர் உளர். மாறிழையம் இல்லாத தண்டில் அறைந்த ஆணியின் துளை மரத்தின் ஆயுள்வரை மூடாது. அதன்வழியே பங்கசு புகும். தண்டைச் சாக்காற் சுற்றி, சிறுகட்டைகளை வைத்துப் பட்டியால் இறுக்கி, அக்கட்டைகளிலே முட்டை அறைவதே நெறி. கடலோரத்திலே உப்பு படிந்த ஓலைகளை நன்னீரால் அலசுவர். குருத்து சிதைந்திருந்தால் வட்டினுள் செப்பு கலந்த பங்கசுகொல்லியை ஊற்றுவர். ஒடிந்து தொங்கினும் பச்சை மிஞ்சிய ஓலையை வெட்டமாட்டார். அதுவும் அம்மரத்தின் உணவுச்சாலை.

அதற்கு அப்பால் வேண்டியது பொறுமை. ஓரோலையுமின்றி நிற்கும் கம்பத்தைச் செத்ததென்று வாளால் அறுக்கத் துப்புரவுப் பணியாளர் அவசரப்படுவர். அரும்பு உயிரோடிருந்தால் ஆறு மாதத்திற்குள் ஒரு குருத்து எட்டிப்பார்க்கும். முதலில் வருவது கோணலாயும் கிழிந்ததாயும் இருக்கும். அது நோயன்று, அடிபட்டபோது உள்ளே உருவாகிக்கொண்டிருந்த ஓலை அது. மறுதலையாக, பச்சையாக நின்ற மரம் ஓராண்டு, ஈராண்டு கழித்துத் திடீரெனச் சாவதும் உண்டு.

இத்தனை பாடுபட்டும் ஒரு தோட்டம் ஒரே இரவில் முற்றாய் அழியலாம் என்பதை மறுக்கவியலாது. நெல்லானால் விதையை உலர்த்திக் குளிரறையிற் பல்லாண்டு வைக்கலாம். தேங்காயையோ பல பனைகளின் விதைகளையோ அங்ஙனம் வைக்கமுடியாது. உலர்ந்தால் உயிர் போய்விடும். எனவே அரும்பனைக்கு வங்கி என்பது மண்ணில் நிற்கும் மரந்தான். ஹெயிற்றி நாட்டில் மட்டும் வாழும் ஓர் அற்றாலியாப் பனையை 1990ஐ ஒட்டித் தேடியபோது, அங்கு முப்பதுக்குங் குறைவாகவே காணப்பட்டது. ஹெயிற்றியும் சூறாவளிப் பாதையில் உள்ள நாடு. அதன் விதைகள் பூங்காக்களுக்குச் சென்றன. அவற்றுள் மியாமியும் ஒன்று. அன்ட்ரூ வந்தது 1992இல். ஓரினத்தின் கன்றுகள் எல்லாவற்றையும் ஒரே பூங்காவில் வைப்பதன் ஆபத்தை இதைவிட எவ்வாறு உணர்த்துவது? இன்று தாவரப் பூங்காக்கள் தம்முட் கணக்கைப் பகிர்ந்து, ஒரே இனத்தைப் பல ஊர்களிற் பிரித்து வளர்ப்பதைக் கொள்கையாகவே கொண்டிருக்கின்றன. வீட்டுத் தோட்டக்காரரும் அவ்வாறே செய்வர். பத்து விதை கிடைத்தால் இரண்டைத் தாம் வைத்து எட்டைக் கொடுத்துவிடுவர். அதுவும் அதே காற்று அடிக்காத கலிபோர்ணியாவிலோ ஹவாயிலோ உள்ளவருக்குக் கொடுப்பது மேல். இங்கு எச்சரிக்கை ஒன்றுண்டு. போத்தற்பனையும் தக்களிப்பனையும் ஒரே முற்றத்தில் நின்றாற் கலந்து கலப்பினம் பிறக்கும். ஆதலால் தாய்மரம் எங்கு நின்றது, அருகில் எது நின்றது என்று எழுதிவைக்காத விதைக்கு இன்று மதிப்பில்லை. ஓர் அப்பியாசக் கொப்பி போதும். ஆனால் அது வேண்டும்.

எண்ணிக்கை ஒன்றாகிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு மொரீசியசிலேயே சான்று நிற்கின்றது. போத்தற்பனையின் இனத்தவளான இன்னொரு பனை, கியூர்பீப் நகரத்துப் பூங்காவில் ஒரேயொரு மரமாக உயிரோடிருக்கின்றது. உலகில் வேறெங்கும் அது இல்லை. பூக்கின்றது, ஆனால் ஒரே பூந்துணரில் ஆண் பூக்கள் ஒரு காலத்திலும் பெண் பூக்கள் வேறொரு காலத்திலும் மலர்கின்றன. அருகில் இன்னொரு மரம் இருந்தாலல்லவா மகரந்தம் கிடைக்கும்? ஆய்வுகூடத்திற் கன்று உண்டாக்க முயன்றனர். உண்டானவையும் நிலத்திற்கு வந்து நிலைக்கவில்லை. அதனைச் சுற்றிச் சாரங் கட்டிக் காத்துவருகின்றனர். சூறாவளி தோறும் அவ்வூர்த் தாவரவியலார் என்ன பாடுபடுவர் என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளட்டும்.

நம் நாட்டுக்கேயுரிய பனைகளும் உண்டு. அவற்றுள், ஈரவலயத்து மலைச்சரிவுப் பாறைகளில் வளரும் தொட்டலு என்னும் சிறுபனைக்கு, அதன் பேரினத்திலே வேறு உறவு உலகில் எங்கும் இல்லை. நம் தாளிப்பனை மியாமிப் பூங்காக்களிலும் நிற்கின்றது. முப்பது முதல் எண்பது ஆண்டுகள்வரை இலை மட்டும் விட்டு, ஒருமுறை பூத்துக் காய்த்து மடியும் அதனை ஐம்பது வயதில் அங்கு நடுபவர், அது பூக்குமுன் எத்தனை சூறாவளிக் காலங்களைக் கடக்கவேண்டுமென்று கணக்கிட்டால் நடவே மாட்டார். மாணவர்கள் அடுத்தமுறை பேராதனைப் பூங்காவுக்குச் செல்லும்போது இவ்விரண்டையும் தேடிப் பார்க்கட்டும். அதற்கு முன்னர், தத்தம் வீட்டு வளவிலுள்ள தென்னையின் தண்டை அடியிலிருந்து மேல்நோக்கி நிதானமாகப் பார்த்து, ஒடுங்கிய இடம் ஏதேனும் உண்டா, அவ்வாண்டு மழை எப்படி இருந்தது என்று வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதியனுப்பினால், அதனை வேறொரு கிழமை இப்பகுதியில் ஆராய்வோம்.